காலந்தாழ்ந்த வாக்கு

வாக்குக் காத்தல் நல்லறம். தைனான் நகரத்து லியாவ் ஜின்தூ அதனைக் காத்தார். ஆனால் காலந்தாழ்த்திக் காத்தார்.

பதினோராண்டுகள் அவர் மனைவி பாவ்ச்சூ காலைதோறும் அவர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள். வயிற்றில் இன்சுலின் போட்டாள்.

“இரைப்பையச் சின்னதாக்குற ஆபரேஷனப் பண்ணிக்குங்களேன்” என்று கெஞ்சுவாள்.

“அடுத்த வருஷம் கண்டிப்பா” என்பார் அவர்.

“உங்க அடுத்த வருஷத்துக்குக் காத்திருந்தே எனக்கு நரைச்சுப்போச்சு!” என்று சிரிப்பாள்.

அவள் மாரடைப்பில் மறைந்த பின்னரே அவர் அறுவைக்கு உடன்பட்டார். உடல் முப்பது கிலோ இளைத்தது, இன்சுலின் நின்றது.

இரண்டாமாண்டு நினைவுநாளில் அவள் படத்தின்முன் பால்கெண்டை மீன் கஞ்சியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் வைத்தார்.

“நூத்திரெண்டுதான், பாவ்ச்சூ. என்னை மன்னிச்சிட்டியா?”

கேட்டுவிட்டு, மறைந்தோரிடம் விடை கேட்கும் பிறைவடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் இட்டார். ஒன்று நிமிர்ந்து மற்றது கவிழ்ந்தால் ‘ஆம்’ என்று பொருள். இரண்டும் நிமிர்ந்தே விழுந்தன. அவ்விடையைச் ‘சிரிப்பு’ என்பார்கள். மீண்டும் இட்டார், மீண்டும் சிரிப்பே.

மகள் பெய்ஷான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா சிரிக்கிறாங்கப்பா. ‘அடுத்த வருஷம் இப்பத்தான் வந்துச்சா’ன்னு கேக்குறாங்க.”

படைத்த கஞ்சியை அவர் உண்ணத் தொடங்கினார். மூன்று கரண்டியில் வயிறு நிறைந்தது. மிச்சத்தை வாங்கி உண்ணப் பாவ்ச்சூ இல்லை.

அந்த மனையை நோய் அணுகாதிருக்க. அங்கே அன்பினர் சொல் காலத்தே செவியேறுக.