உபதேசியார் சவரிமுத்துவும் ஊரில் இல்லாத ஒரு பெயரும்

மாரண்டஹள்ளிச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. அரூர்ப் பக்கமிருந்து வந்த லாரி டிரைவர் இறங்கும்போதே சொன்னார்: "உங்க தங்கச்சி ஊர்ல சவரிமுத்து தவறிட்டாருங்க."

நான் உடனே அழவில்லை. அழுவதற்கு முன் விசாரிக்க வேண்டியிருந்தது.

"எந்தச் சவரிமுத்துங்க?"

"அதான் தெரியலீங்க. கிணத்துமேட்டாரு இல்ல, வண்டிக்காரரு இல்ல, காது கேக்காதவரும் இல்ல. அவங்க மூணு பேரும் குழி வெட்டிக்கிட்டு இருந்தாங்க. கோயில் மணிதான் காலையிலேர்ந்து நிக்காம அடிக்குது."

மணி என்றதும் புரிந்துவிட்டது. போனவர் கோயில் உபதேசியார் சவரிமுத்து. என் தங்கை ஆரோக்கியத்தின் மாமனார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் மூன்று மலை தாண்டி மேயும் ஆடுகள் முழங்கால் போடும். நானே பார்த்திருக்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று அந்த ஊரின் எல்லாப் பெயர்களையும் முப்பது ஆண்டுகளாகப் புத்தகத்தில் எழுதியதும் சத்தமாக வாசித்ததும் அவர்தான். ஆனால் அங்கே எழுத மொத்தமே ஏழெட்டுப் பெயர்கள்தான் இருந்தன. தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் தாத்தா பெயர், அது முறை. சவரிமுத்து மகன் அந்தோணிசாமி, அந்தோணிசாமி மகன் சவரிமுத்து, உலகம் முடியும்வரை இப்படியே. கடைசித் தீர்ப்பு நாளில் வானதூதர் "சவரிமுத்து!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும், பாதிக் கல்லறை காலியாகிவிடும்.

இந்த முறையால் வந்த வினையை நேரில் பார்த்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். பூசையில் லத்தீன் போய்த் தமிழ் வந்திருந்த புதிது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரைக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். ஒரு ஞாயிறு உபதேசியார் வழக்கமாகச் சேர்க்கும் தெருப் பெயரையும் தாயார் பெயரையும் விட்டுவிட்டார். "சவரிமுத்து மகன் அந்தோணிசாமிக்கும், சூசை மகள் லூர்துமேரிக்கும்..." என்று முழங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஏழு மாதச் சூலியாக என் தங்கை எழுந்தாள்.

"எனக்குத் தடை இருக்குது மாமா! உங்க மவனுக்கு இன்னும் எத்தன கல்யாணம் பண்ணப் போறீங்க?"

பூமி சுற்றுவதை நிறுத்தியது. பீடத்து மெழுகுவர்த்திகள் வாயைப் பொத்திக்கொண்டன. உபதேசியார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தன் பெயர். தன் மகன் பெயர். கல்யாணமோ மேட்டுத்தெருச் சவரிமுத்து வீட்டில். ஊர் சிரித்த சிரிப்பில் கோயில் ஓடு மூன்று கீழே விழுந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: அவரும் என் தங்கையும்.

பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "எம் புள்ளைக்கு அந்த ஊர்ல எவனுக்கும் இல்லாத பேரா வெக்கணும் அண்ணா. இல்லைன்னா நான் அந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்." மச்சான் அந்தோணிசாமி வாராவாரம் வந்து முட்டிமோதிப் பார்த்துவிட்டுத் தனியே பஸ் ஏறினார். உபதேசியாரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "பேரன் பொறந்தா எம் பேரு. அதுல பேச்சில்ல."

பேரன்தான் பிறந்தான். ஒன்பதாம் நாள் இரண்டு பஸ் மாறி உபதேசியார் வந்தார். நான் தாய்மாமன் என்ற பதவியின் முழு கம்பீரத்தோடு போருக்குத் தயாராக நின்றேன். என் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "தாயி, எம் பேரு என்னோட போயிருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நேத்து ஞானஸ்நானப் பொஸ்தகத்தைத் தொறந்து என் பேரைத் தேடினேன். பக்கம் பக்கமா அதே பேரு, அதே அப்பன் பேரு. அதுல எது நான்னு எனக்கே தெரியல. எம் பேரனுக்கு அந்தக் கதி வேணாம்."

தங்கை திரும்பிப் பார்த்தாள். நான் போரை ஒத்திவைத்துவிட்டு என் பட்டியலை எடுத்தேன். திக்கெட்டும்வென்றான், எரிமலைவேந்தன், இடிமுழக்கன் என்று நூற்றெட்டுப் பெயர்கள் தயாராக இருந்தன.

"சோறு திங்கக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கொழம்பு ஆறிடும் அண்ணா," என்றாள் தங்கை.

"பையனுக்குப் பேரு கேட்டா லாரிக்குப் பேரு சொல்றீங்களே தம்பி," என்றார் உபதேசியார்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. அன்று மத்தியானம்தான் மலைமேல் கறுப்பாக ஏதோ திரண்டது. சன்னல் வழியே அதைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "கார்முகில். மாசக்கணக்கா இந்த சனமெல்லாம் கூப்பிட்டுக்கிட்டு இருக்கிறது இதைத்தான?" நாங்கள் மூவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். அன்று ஏரி உடைந்தது என்று நான் சொல்வேன். நாலு தூறல் என்று என் தங்கை சொல்வாள். அவளை நம்பாதீர்கள்.

ஞானஸ்நானத்தன்று ஊரிலிருந்த அத்தனை சவரிமுத்துகளும் புதிய சவரிமுத்துவை வரவேற்க முன்வரிசையில் வந்து நின்றார்கள். பங்குச் சாமியார் கேட்டார், "பிள்ளைக்கு என்ன பெயர்?" ஞானத்தகப்பனாக நின்ற உபதேசியார் ஓலை வாசிக்கும் அதே குரலில் சொன்னார்: "கார்முகில்!"

சாமியாரின் கையிலிருந்த கிண்ணம் நின்றது. "அந்தப் பெயரில் எந்தப் புனிதரும் இல்லையே உபதேசியாரே?"

அதுவரை அவர் ஒருமுறைகூடச் சாமியாரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினார். "வனத்து அந்தோணியாருக்கு அவங்க ஆத்தா பேரு வெச்சப்ப, அதுக்கு முன்னால எந்தப் புனித அந்தோணியாரு இருந்தாருங்க சாமி? எந்தப் பேருக்கும் யாரோ ஒருத்தரு மொதல்ல புனிதராவணும். இந்தப் பேருக்கு எங்க பேரன் ஆவட்டுமே."

சாமியார் அவரையே பார்த்தார். மீசை துடித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்து, "ஆகட்டும், பொறுப்பு உம்முடையது," என்று தண்ணீரை ஊற்றினார். பிள்ளை போட்ட அலறல் கர்நாடகம் வரை கேட்டது. என் தங்கை அவனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கோயிலிலிருந்து நேரே புருஷன் வீட்டுப் படியேறினாள். உலகத்தில் எத்தனையோ அரசர்கள் எத்தனையோ கோட்டைக்குள் நுழைந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்த நடை வாய்த்திருக்காது.

உபதேசியார் உள்ளே போய்ப் புத்தகத்தில் பெயரை எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் விரல் வைத்துத் தேட வேண்டியிராத பெயர் அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் ஒரு மகன் பிறந்தான். என் நூற்றெட்டுப் பட்டியல் அப்படியே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டிப் பெயரைச் சொன்னேன்.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி இந்தப் பேரு? எங்க ஊர்ல தெருவுக்கு ரெண்டு கெடக்குது."

"எங்க ஊர்ல நம்ம கோயில் குடும்பம் நாலஞ்சுதாங்க மாமா. அங்க இந்தப் பேரு ஒருத்தருக்கும் இல்லீங்க."

மலை தாண்டிக் கேட்கும் அந்தக் குரல் அன்று எழும்பவில்லை. பிள்ளையின் காதருகே குனிந்து, "சவரிமுத்து," என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பெயர்தான். மாரண்டஹள்ளியில் என் வீட்டு வாசலில் நின்று அதை உரக்கக் கூப்பிட்டால், ஒரே ஒருவன்தான் திரும்பிப் பார்க்கிறான்.