ஒரு மணிக்கு அடுப்பை அணைத்தவர்

கோமதி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது என் அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. சரக்கு பாதிதான் ஏறியிருந்தது. அவருடைய கணவர் சண்முகம் அண்ணாச்சியின் எண்ணிலிருந்து அழைப்பு. அண்ணாச்சி எனக்குப் போன் செய்கிற வழக்கமே இல்லை. "மல்லிகா, ஒங்க அக்கா எந்திரிக்க மாட்டேங்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டுட்டுப் படுத்தா. அவ்வளவுதான்" என்றார். நான் என்ன கேட்டேன், அவர் என்ன பதில் சொன்னார் என்பது நினைவில்லை. "மிச்சத்த ஏத்தவாக்கா?" என்று லாரி டிரைவர் கேட்டதும், நான் தலையாட்டியதும் மட்டும் நினைவிருக்கிறது.

அக்காவைத் தெரிந்தவர்கள் படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராக உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அவருடைய மிட்டாய்க்குப் பெட்டி அடித்துக் கொடுத்தவள் என்ற முறையில் எனக்குத் தெரியும். இரண்டு கம்பெனிகளும் ஒரே தெருவில், எதிரெதிரே இருந்தன. அவர் வறுக்கிற கடலையின் வாசனை என் பசைவாளியைத் தாண்டி உள்ளே வரும்.

கடைசிக் காலத்தில் மட்டுமே அவரோடு பழகியவர்களுக்கு நான் சொல்வது நம்ப முடியாததாக இருக்கலாம். ஒரு காலத்தில் எங்கள் தெருவில் அவர் அளவுக்குப் பரபரப்பான ஆள் கிடையாது. காதில் ஒரு போன், கையில் ஒரு போன். சாப்பாடு எப்போதும் நின்றபடிதான். ஒரு கை மிட்டாய்த் தட்டை நகர்த்தும், இன்னொரு கையில் இட்லி இருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அவரைப் பார்த்துத்தான் ஓடக் கற்றுக்கொண்டேன். பெரிய மகளின் நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுகிற நேரத்தில் அவர் கொல்லைப்புறத்தில் நின்று சென்னை வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். தேடிப் போய் அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆல்பத்தில் அந்தப் படத்தில் அவர் இல்லை. "அன்னைக்கு நல்ல ஆர்டர்ட்டி" என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரிப்போம். பின்னாளில் அந்தக் கதையை அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்த அந்தக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. உடம்பு தேறிவிட்டது. நாக்கும் மூக்கும் மட்டும் தேறவில்லை. உப்பு, புளிப்பு, வெல்லம் எதுவும் தெரியவில்லை. மிட்டாய்க்காரருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் என்ன இருக்கிறது? பாகின் பதத்தைக் கண்ணாலும் கையாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாளித்தார். ஒருநாள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது, "அக்கா, பாகு கருகுது! ஒங்களுக்கு வாடை அடிக்கலயா?" என்று மாரி ஓடி வந்திருக்கிறாள். மாரி அங்கே நெடுநாள் வேலை செய்த பெண். கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்ததை அக்கா உணரவில்லை. அன்று சாயங்காலம் என் கம்பெனிக்கு வந்து, "எனக்குப் பயமா இருக்குட்டி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சண்முகம் அண்ணாச்சி அந்த நாட்களில் சமைக்க ஆரம்பித்தார். எதைக் கொடுத்தாலும் மண்ணைத் தின்பதுபோல் மனைவி தின்பதைப் பார்த்துக்கொண்டு, அவரும் விடாமல் சமைத்தார். ஒருநாள் மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து கம்பெனிக்கே கொண்டுவந்தார். அக்கா வழக்கம்போல் நின்றுகொண்டு ஒரு வாய் அள்ளிப் போட்டிருக்கிறார். திடீரென்று எள்ளு மணத்தது. பிறகு உளுந்து, அதன்பின் பூண்டு.

"அப்படியே தரையில உக்காந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். "இத நின்னுக்கிட்டே திங்கதுக்கா சாமி குடுத்துருக்குன்னு தோணிச்சு. அழுகை வந்துட்டு. இவிய பயந்துபோய், காரம் கூடிப்போச்சான்னு கேக்காக."

மறுவாரத்திலிருந்து அவருடைய கம்பெனியில் ஒரு மணிக்கு அடுப்பை அணைத்தார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அக்காவின் போன்கள் அலமாரிக்குள் போய்விடும். பொழுது சாயும்போது கதவைச் சாத்திவிடுவார். தீபாவளி நேரத்தில்கூட ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. வேண்டியவர்கள் எல்லாம், நான் உட்பட, இது கொஞ்ச நாள் கூத்து என்று நினைத்தோம்.

அப்படியில்லை என்பது சென்னை ஆர்டர் வந்தபோது தெரிந்தது. ஆன்லைனில் விற்கிற பெரிய கம்பெனி ஒன்று வருடம் முழுக்கச் சரக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ராத்திரி ஷிப்ட் போட்டால்தான் முடியும். அண்ணாச்சியின் தம்பி குமரேசன் அந்த ஆர்டருக்காக அலையாய் அலைந்தவர். விற்பனையெல்லாம் அவர் பொறுப்பு. அக்கா வேண்டாம் என்றதும் அவர் போட்ட சத்தம் என் கம்பெனிவரை கேட்டது.

"வார லச்சுமிய வாசல்ல நிறுத்தி வேண்டாங்கீயளே மதினி, ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் தம்பி. நமக்கு இருக்கது போதாதா?"

"ஒங்களுக்குப் போதும். எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று. குமரேசன் நெடுநாள் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

அதைவிட அவரை வருத்தியது மாரி நின்றுவிட்டதுதான். பைபாஸ் பக்கம் இருந்த பெரிய கம்பெனி ஒன்றில் ஓவர்டைம் கிடைக்கிறது என்று மாரி அங்கே போனாள். போகும்போது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அக்கா, நீங்க மெதுவா இருக்கலாம். எம்மக காலேஜ் முடிக்கணும்லா? நான் எங்கிட்டுப் போய் மெதுவா இருக்க?"

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இரண்டு மூன்று நாளில் தன் காரை விற்றார். தன் லாபத்தில் குறைத்துக்கொண்டு எல்லோருக்கும் கூலியைக் கூட்டினார். "மெதுவா இருக்கது எனக்கு மட்டும் கெடச்சா அதுக்குப் பேரு சொகுசுட்டி. மாரி சொன்னதுதான் சரி" என்றார். மாரிக்கும் சொல்லி அனுப்பினார். மகள் படிப்பு முடியட்டும், பிறகு வருகிறேன் என்று பதில் வந்தது.

காரை விற்றபின் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும்தான். அப்போதுதான் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. நம் ஊரில் யாரும் யாரிடமும் நன்றி என்று சொல்லிக்கொள்வதில்லை. அக்காவும் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, கிளம்பும்போது திரும்பி நின்று, "நல்லா இருந்துச்சு" என்பார். டீக்கடையில் சொல்வார், பூக்காரியிடம் சொல்வார். ஒருமுறை நானும் அவரும் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்தோம். இறங்கியதும் டிரைவரைப் பார்த்து, "நல்லா இருந்துச்சு தம்பி, ஒரு குலுக்கல் இல்ல" என்றார். அவர் முறைத்துக்கொண்டு, "ஏன், மெதுவா வந்துட்டேன்னு குத்திக் காட்டுதியளோ?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நெசமாத்தான் சொல்லுதேன்" என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அதே டிரைவர் எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

எங்கள் தொழில்முனைவோர் சங்கக் கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். விடிந்தும் விடியாமல் ஓட்டல் மாடியில் கூடுவோம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு நிமிடம், இந்த வருட லட்சியம் என்ன என்று எழுந்து சொல்ல வேண்டும். ஒருவர் மதுரையில் கிளை என்றார், இன்னொருவர் ஏற்றுமதி என்றார். நான் புது மெஷின் என்றேன். அக்காவின் முறை வந்தது. மைக்கை வாங்கி, "தினமும் மத்தியானம் சோத்த சூடா, உக்காந்து சாப்பிடணும்" என்றார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்து. அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். என்ன சொல்ல வந்தார் என்று நான் பிறகு கேட்கவே இல்லை. இன்றைக்கு அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. மணி அடித்தவர்மேல் மட்டுமல்ல.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், விளாத்திகுளம் பக்கம் இருக்கிற தன் சித்தப்பா ஊருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். உளுந்தும் கொத்தமல்லியும் முளைத்திருக்கின்றன, பார்க்க வேண்டும் என்றார். எனக்கோ சிவகாசியிலிருந்து பேப்பர் வரவேண்டிய நாள். பஸ்ஸில் போகும்போதே போன் பேசிக்கொண்டு வந்தேன். உளுந்தங்காட்டுக்குள் இறங்கியதும் சிக்னல் போய்விட்டது. பதறிப்போய் ரோட்டுக்குத் திரும்ப நினைத்து வேகமாகக் காலை எடுத்து வைத்தேன். நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் மண் அப்பி அப்பி, செருப்பு செங்கல் கனம் கனக்கும். செருப்பு வார் அறுந்து, நான் முழங்கால் குத்தி விழுந்தேன்.

அக்கா தூக்கிவிடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "கரிசல்ல மழை பேஞ்சா கலெக்டரே வந்தாலும் ஓட முடியாது. உக்காருட்டி" என்று வரப்பில் தானும் உட்கார்ந்தார். சேலையெல்லாம் சேறு. ஒரு குச்சியை எடுத்து என் செருப்பு மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். முளைத்த மல்லியைக் கிள்ளி என் மூக்கருகில் நீட்டினார். "இன்னும் கொஞ்சங்கூட அலுக்கலட்டி எனக்கு. தெனமும் காலையில மூக்கு இருக்கான்னு பாக்கேன். இருக்கு. அதுக்கப்பறம் மத்ததெல்லாம்" என்றார். அன்றைக்குப் பேப்பர் லோடு நான் இல்லாமலே வந்து இறங்கியிருந்தது.

சாவு வீட்டில் கூட்டம் நிறைய. மாரி கம்பெனிச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். மகள் கடைசி வருஷம் படிக்கிறாளாம், அடுத்த வருஷம் வருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தாளாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். எங்கள் சங்கத்து நண்பர் ஒருவர், ஆறுதலாகத்தான், அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "ஓடிக்கிட்டு இருக்க நாங்கள்லாம் இருக்கோம். இம்புட்டு நிதானமா இருந்த மதினி போயிட்டாகளே. நூறு வயசு இருப்பாகன்னுல்லா நெனச்சேன்."

அண்ணாச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நூறு வயசுக்காகவா அவ உக்காந்து சாப்பிட்டா?" என்றார். "நல்லா இருந்துச்சு, அதான் உக்காந்தா."

நண்பர் கையை விடாமல் அப்படியே நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கம்பெனியைக் குமரேசன் எடுத்துக்கொண்டார். ராத்திரி ஷிப்ட் ஆரம்பித்திருக்கிறது. மத்தியானம் ஆள் மாற்றி ஆள் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், அடுப்பு அணைவதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது. எனக்கும் அதனால் பெட்டி ஆர்டர் கூடியிருக்கிறது. ஆனாலும் ஒரு மணி ஆனதும் என் காது தானாக எதிர்ப்பக்கம் போகிறது. பர்னரின் இரைச்சல் நிற்காமல் கேட்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்க்கிறேன். அக்காவைப்போல் மாறிவிட்டேன் என்று இங்கே எழுத ஆசைதான். மாறவில்லை.

அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், ஒரு சாயங்காலம் என் கம்பெனிக்கு வந்தார். "என்னக்கா விஷயம்?" என்றேன். "விஷயம் ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்" என்றார். விஷயமில்லாமல் வந்தவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியைக் காட்டினேன், டீ வாங்கி வரச் சொன்னேன், பிறகு வந்த போனை எடுத்துப் பேசத் தொடங்கினேன். பெண்கள் பெட்டி ஒட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணிடம் பிள்ளைக்குக் காது குத்தியாயிற்றா என்று கேட்டார். டீயைக் குடித்தார். நான் போனை வைப்பதற்குள், வாரேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கொஞ்சம் பதறிப்போய், "என்ன மல்லிகா, ஏதும் விஷயமா?" என்று கேட்டார்.

"சும்மா வந்தேன் அண்ணாச்சி."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய், அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஒரு வீட்டுக்குச் சும்மா போக இப்போது எனக்குத் தெரிகிறது.