எக்ஸ்ரேக்கு நான் போட்ட தரம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நெஞ்சைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆனால் ரப்பர் பெக்டரிக்குப் புதிதாக வரும் பொடியன்கள் என்னைப் போல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குப் புகை அறை வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு விறகுப் புகை போடுவோம். காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். தேன் நிறம் என்றால் முதல் தரம். காற்றுக் குமிழ் இருந்தால் அந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவோம். கறுத்திருந்தால் புகை கூடிவிட்டது, கழிவு.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது, விடவில்லை. பெக்டரி ஐயா கூப்பிட்டார்.

"டேய், டீபியா இருந்தா இந்தப் பக்கமே வரக்கூடாது. படம் எடுத்துக் காட்டிட்டு வா."

கூட்டாளி செல்வத்தையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க நீண்ட வரிசை. எனக்குப் பொறுமை ஏது? நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விலா எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கறுப்பு.

"முடிஞ்சிச்சுடா. உள்ளுக்கு முழுக்கப் புகை. கழிவுதான்."

"நல்லாப் பாருடா."

"எத்தன ஷீட்டு பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அம்மாவ நீ பாத்துக்க."

செல்வம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனான். முகம் கழுவி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.

டாக்டர் சிங்களவர். என் தீர்ப்பைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இது: படத்தில் கறுப்பு என்றால் காற்று. நுரையீரல் முழுக்க எண்ண முடியாத குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள், அது கறுப்பாகத்தான் தெரிய வேண்டும். நாங்கள் வெட்டி எறியும் குமிழ்களை வைத்துத்தான் மனுசன் மூச்சே விடுகிறானாம்.

பிறகு முகப் படம். இரண்டு கன்ன எலும்புக்குள்ளும் மூக்கோடு சேர்ந்த ஒரு பொந்து இருக்கிறது. எனக்கு வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை. வெள்ளை இருந்த இடம் சளி அடைத்த இடம். அது தொண்டையில் இறங்கித்தான் இருமல். மருந்து எழுதிக்கொடுத்து, புகைக்குள் போகும்போது மூக்கில் துணி கட்டச் சொன்னார்.

ஆகவே தம்பிமாரே, ஷீட் பார்க்கிற கண் ஷீட்டுக்கு மட்டும்தான். படத்தை உறையோடு டாக்டரிடம் கொடுங்கள்.

வெளியே வந்து செல்வத்திடம் சொன்னேன்.

"டீபி இல்லையாம்டா. வெறும் சளியாம்."

"அப்ப நான் அழுததுக்கு ஒரு பிளேன்டீயாவது வாங்கித் தா."