பாஸ் பட்டன் அமுங்கியிருந்த வியாழக்கிழமை

1997-இல் திண்டிவனத்தில் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படித்தேன். பார்வை இல்லாத எனக்கு டேப் ரிக்கார்டர்தான் நோட்டு. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவேன். முதலில் தேதி, கிழமை சொல்லிப் பதிவேன், பிறகுதான் பாடம். இது என் வழக்கம்.

நாளடைவில் வகுப்பில் ஒவ்வொருவராக எழுதுவதை விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்காரும் கண்டமங்கலத்து நண்பன் மல்லாட்டைக் கடலை உடைக்கிற சத்தமும் கேசட்டில் இருக்கும்.

"நீதான் புடிச்சிக்கினு இருக்கியே, நான் வேற எதுக்குடா எழுதணும்?" என்பான்.

தேர்வுக்கு முந்தைய வியாழக்கிழமை, பாடப்புத்தகத்தில் இல்லாத கடைசிப் பகுதியைப் பேராசிரியர் ஒரே மணி நேரத்தில் முடித்தார். முக்கால் மணியில் கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து பட்டன் டக்கென்று எழும்ப வேண்டும். அன்று எழும்பவில்லை. ஆனால் நடுவகுப்பில் தடவிப் பார்க்கக் கூச்சம்.

மாலையில் போட்டுப் பார்த்தோம். நான் சொன்ன தேதிகூட இல்லை, வெறும் இரைச்சல். பஸ் நெரிசலில், பதிவை இடையில் நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டன் அமுங்கியிருக்கிறது. வகுப்பில் யாரிடமும் நோட்டு இல்லை. பேராசிரியர் அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"ஒருக்கா கேட்டா உனுக்கு நிக்குமே, சொல்லு, எழுதிக்கிறோம்" என்றான் நண்பன்.

சொன்னேன். இரண்டு உடன்படிக்கைகளில் எது முந்தியது என்ற இடத்தில் தடுமாறினேன்.

"இன்னா நின்னுட்ட?"

ஒன்றைச் சொன்னேன். உடனே, மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்றேன்.

"கொழப்பாதடா, எழுதியாச்சு."

தேர்வில் அதே கேள்வி வந்தது. எனக்காக எழுத வந்த முதலாண்டு மாணவியிடம் அதே வரிசையில் சொன்னேன். அவள் பேனா நின்றது. "அண்ணே..." என்றாள். விதிப்படி அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லக்கூடாது. மறுபடி பேனா ஓடியது.

வெளியே வந்ததும் நண்பனை நூலகத்துக்கு அழைத்துப்போய் அந்த உடன்படிக்கைகளை வேறு நூலில் படிக்கச் சொன்னேன். வரிசை தலைகீழ்.

"ஃபெயிலானா கூட்டாத்தான் ஆவோம், வுடு" என்றான்.

கூட்டாக ஆகவில்லை. ரிசல்ட் வந்தபோது அந்தப் பேப்பரில் அவன் மட்டும் ஃபெயிலாகியிருந்தான். அந்த ஒரு பதிலால்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது போனில்தான் பதிகிறேன். தேதி சொல்லி நிறுத்தி, அது பதிவாகியிருக்கிறதா என்று போட்டுக் கேட்ட பிறகே மேலே போகிறேன். அப்படியும் பாதியில் ஒருமுறை நிறுத்திக் கேட்பேன்.