இர்ஃபானுக்கு ஊற்றாத நோன்புக் கஞ்சி

இன்று சாயங்காலம் எங்கள் தெருப் பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் தெருக்காரர்களோடு இருந்தவர்கள்: என் பேரன் ஆசிப், அவன் கூட்டாளி சாதிக், அவர்களோடு பனியன் கம்பெனியில் பேக்கிங் பண்ணும் பீகார்ப் பையன் இர்ஃபான், கஞ்சி ஊற்றிய காசிம் ராவுத்தர், தூக்குவாளியோடு நான்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. பையன்கள் இர்ஃபானையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

காசிம் கரண்டியை நிறுத்திவிட்டார். "இது நம்ம ஜமாத்து ஊடுகளுக்குக் காய்ச்சுனது கண்ணு. இந்தப் பையன் எந்த ஊடு?"

"எங்க ஊடுதானுங்க" என்றான் ஆசிப். "முஸ்லிம் எல்லாம் ஒரே உடம்புன்னு ஞாயித்துக்கிழமை வகுப்புல நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

"அது பாடம்ப்பா. இது அண்டா."

இர்ஃபானுக்குத் தமிழ் அரைகுறைதான். இது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பிள்ளை, கிண்ணத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினான்.

என் தூக்கில் வாங்கிய கஞ்சியை அண்டாவிலேயே திருப்பிக் கொட்டினேன். "எங்க ஊட்டையும் உங்க ஜமாத்துல இருந்து அடிச்சுருங்க தம்பி" என்றேன். பையன்களும் முன்பே வாங்கியிருந்ததைக் கொட்டினார்கள்.

பாங்கு சொன்னபோது நாங்கள் நால்வரும் இர்ஃபானின் லைன் வீட்டில் இருந்தோம். அவன் அறைக்காரர்கள் எங்களை ஒன்றும் கேட்காமல் பேரீச்சம்பழம் நீட்டினார்கள்.

நாளையிலிருந்து என் வீட்டில் கஞ்சி காய்ச்சுகிறேன். வருகிறவர்கள் கீழே எழுதுங்கள், அரிசி போட வேண்டும்.

நோன்பு மாசம், மன்னித்துவிடு என்கிறாள் மகள். வரிசையில் வாய் மூடி நின்ற எல்லோரையும் மன்னித்தாயிற்று. காசிம் ராவுத்தரை மாட்டேன்.