முத்திரையில் போட்ட கையெழுத்து

மதுரங்குளிச் சந்தியில் என் தையல் கடையைப் பாதியில் விட்டு வந்தவள் நான். ஐந்து வருடக் குத்தகை. இரண்டாம் வருடமே விட்டேன். மாலையில் நான் பூட்டிவிட்டுப் போன பிறகு கட்டடக்காரர் தன் சாவியால் திறந்து உள்ளே நடமாடினார். ஒரு காலையில் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தியின் அளவுச் சட்டை மேசையில் விரித்துக் கிடந்தது. கேட்டேன்.

"என்ட கட்டடம்தானே தங்கச்சி. கூரை ஒழுகுதா எண்டு பார்த்தன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

விடுவது என்று முடிவெடுத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாம் ஒரு தாளால். குத்தகை எழுதிய அன்று, ஒன்றுமே எழுதாத தாளொன்றில் முத்திரை ஒட்டி, அதன்மேல் என் கையெழுத்தையும் வாங்கியிருந்தார். "சும்மா ஒரு பாதுகாப்புக்கு. நம்பிக்கை இல்லாட்டி என்ன யாவாரம்?" மறுத்தால் மரியாதையில்லாதவள் என்று நினைப்பாரே என்று போட்டுவிட்டேன். சந்தியில் கடை எடுத்தவர்களில் பாதிப் பேர் அப்படிப் போட்டவர்கள்தான். இந்த வெட்கம் இருக்கிறதே, அதைப் போல மடத்தனம் வேறில்லை. வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கினேன் என்று அவர் அதில் எழுதிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த வாப்பா, கல் கல்லாகச் சேர்த்துக் கட்டி என் பெயருக்கு எழுதித் தந்த வீடு அது.

கடைசி நாள் என் கணவர் மெஷின்களைச் சின்ன லொறியில் ஏற்றினார். நான் சாவியை நீட்டினேன்.

"முதலாளி, அந்தத் தாளைத் தாங்க."

அவர் தன் மேசை லாச்சியைத் திறந்து தாளை எடுத்தார். என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நீல மையில் என் கையெழுத்து. நாலாகக் கிழித்துத் தரையில் போட்டார்.

"இப்ப சந்தோசமா தங்கச்சி?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் என் கணவர். எனக்கும் உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன். சந்தேகத்தால் அல்ல. வெட்டு மிச்சத்தை எறியாமல் துணி தந்தவரிடமே கொடுத்துப் பழகிய கை, அவ்வளவுதான்.

வீட்டில் மெஷின்களை இறக்கி வைத்த பிறகு, வெட்டும் மேசையில் அந்த நாலு துண்டுகளையும் ஒட்டுத்துணி போலப் பொருத்தினேன். கையெழுத்து என்னுடையதுதான். கடைசிச் சுழிப்புக்கூட அப்படியே இருந்தது. முத்திரையின்மேல் பெருவிரலை ஓட்டினேன். அதன் பல்லுப்பல்லான ஓரம் விரலில் தட்டவேண்டும். தட்டவில்லை. மறுபடி ஓட்டினேன். தாள் முழுக்க ஒரே வழவழப்பு. அவர் கிழித்தது கலர் போட்டோக் கொப்பி.

வெளியே, இனி நான் வீட்டிலேயே தைக்கப் போகிறேன் என்ற சந்தோசத்தில், வாப்பா என் கடைப் பெயர்ப்பலகையை முன்சுவரில் ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.