முழுக் கட்டுரையும் கேட்டவர்

மாணவிகளுக்குக் காயத்துக்குக் கட்டுப்போடப் பழக்கிக்கொண்டிருந்தபோது சேவியர் அண்ணன் அழைத்தார். "சுமதி, அக்கா காலையில போயிட்டாம்மா," என்றார். அவருடைய மனைவி பிலோமினா அக்காதான் எங்கள் கல்லூரி நூலகர். மாணவிகளிடம் சொன்னதும் பலர் அழுதார்கள். ஒரு நூலகருக்காக மாணவர்கள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

பாடாங் மேஹா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பாலெடுத்த குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. சுங்கை பட்டாணி நகரில் எங்கள் தாதியர் கல்லூரி நூலகத்தைத் தனியாளாகக் கவனித்துவந்தார். நான் விரிவுரையாளராகச் சேர்ந்த ஆண்டில், செலவைக் குறைக்க மருத்துவ ஆய்விதழ்களின் சந்தாவை நிர்வாகம் நிறுத்தியது. அதன்பின் எந்தக் கட்டுரையைத் தேடினாலும் திரையில் சுருக்கம் மட்டும் தெரியும். மீதியைப் படிக்கப் பணம் கேட்கும். நாங்கள் அலுத்துக்கொண்டோம். அக்கா, கட்டுரையை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினார்.

"கஷ்டப்பட்டு எழுதுனவங்களுக்குப் படிக்க ஆள் வேணும் லா. மரியாதையா கேட்டா குடுத்துடுவாங்க," என்பார். பெரும்பாலும் கொடுத்தார்கள். பதில் வராவிட்டால், பல்கலைக்கழகங்கள் பொதுவில் வைத்திருக்கும் பிரதிகளில் தேடுவார்.

அவருடைய பள்ளித்தோழி லெட்சுமி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் வேலை செய்தவர். திடீரென்று அவருடைய விரல் நகங்கள் கழன்று விழத் தொடங்கின. அந்தக் களைக்கொல்லிதான் காரணம் என்று கூலிம் ஊரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கமால் சந்தேகித்தார். தோட்ட நிர்வாகம் ஆதாரம் கேட்டது. பொருத்தமான ஒரு பழைய கட்டுரையின் சுருக்கம்தான் டாக்டருக்குக் கிடைத்திருந்தது.

"முழுசா படிக்காம நான் ரிப்போர்ட் எழுத முடியாதுக்கா," என்று அவர் அக்காவிடம் சொன்னார்.

"எழுதாதீங்க டாக்டர். நான் கேட்டு வாங்குறேன்."

கட்டுரையாசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. விசாரித்தால், அவர் காலமாகியிருந்தார். அக்கா அவர் பணியாற்றிய துறைக்கு எழுதினார். லெட்சுமியின் விரல்கள் எப்படி இருக்கின்றன, அவரால் ஏன் சோறு பிசைய முடியவில்லை என்றெல்லாம் அதில் விவரித்திருந்தார். துறையினர் அதை ஆசிரியரின் மகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் அப்பாவின் பெட்டிகளைக் கிளறி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். அப்பா எழுதியதைத் தானே இப்போதுதான் முதன்முறையாகப் படித்ததாகவும் சொல்லியிருந்தார். டாக்டர் அறிக்கை எழுதினார். லெட்சுமிக்கு மாற்று வேலை கிடைத்தது. நகங்கள் மெல்ல வளர்ந்தன.

சென்ற ஆண்டு அக்காவின் கணையத்தில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்கும் என்று ஒரு கடுமையான சிகிச்சையை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். அக்கா என்னை அழைத்தார். "அதப்பத்தின கட்டுரை வேணும். சுருக்கம் வேணாம், முழுசும்."

அவர் வழியிலேயே ஆசிரியருக்கு எழுதி வாங்கினேன். அந்தச் சிகிச்சை நீட்டித்தது சில வாரங்களைத்தான் என்று படித்தபோது தெரிந்தது. கொண்டுபோய், கொடுக்கத் தயங்கி நின்றேன்.

"படிக்கத்தான் வேணுமாக்கா?"

"இத்தன பேருக்கு வாங்கிக் குடுத்தேன். உங்களுக்குத் தாங்குமான்னு யார்கிட்டயாச்சும் கேட்டேனா? குடும்மா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். "எத்தன வாரம் கூட உயிரோட இருந்தாங்கன்னு போட்டிருக்காங்க. அதுல எத்தன நாள் வீட்டுல இருந்தாங்கன்னு போடலியே?"

அதையே அந்த ஆசிரியரிடம் கேட்டு எழுதினார். பதில் நேர்மையாக வந்தது: 'நாங்கள் அதைக் கணக்கிடவில்லை. கணக்கிட்டிருக்க வேண்டும்.'

அக்கா அதை மருத்துவரிடம் காட்டிப் பேசினார். மருத்துவரும் பொறுமையாகக் கேட்டார். வலியைத் தணிக்கும் மருந்து மட்டும் போதும் என்று முடிவு செய்து அக்கா வீடு திரும்பினார். எங்களில் சிலருக்கு அது வருத்தம்தான், எனக்கும்தான். ஆனால் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு என்பதால் வாதாட எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபித்து முடித்ததும் சேவியர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "முந்தாநாளு மீன்கறி வச்சேன். ஒரு வாய்தான் சாப்புட்டா. உப்பு ஜாஸ்தி, உனக்கு எத்தன தடவ சொல்றதுன்னு திட்டுனா," என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தோம். அழுதுகொண்டேதான் சிரித்தோம்.

அமைதியாக உறங்குங்கள், அக்கா. நூலகத்தில் உங்கள் மேசை முன் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஒரு கட்டுரையின் சுருக்கத்தோடு வாசலில் ஒரு மாணவி காத்திருக்கிறாள்.